லில்லர்டைப் போர்ட்லாந்து எப்போது விட்டிருக்க வேண்டும்?

அரைமைதானம்:

என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் நட்சத்திரம் டேமியன் லில்லர்ட், 2025 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து ட்ரெயில் பிளேசர்ஸ் அணிக்கே திரும்பிவிட்டதால், 2023இல் அவர் பிரிந்துபோன நாளில் எழுந்த கோபதாபங்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. அப்போது நிதானமாகப் பேச முடியாத ஒரு கேள்வியை இப்போது பேசலாம் என்று நினைக்கிறேன். தன்னை விட்டு விலகாத நட்சத்திர வீரர் ஒருவரை, அவர் கேட்பதற்கு முன்பே, ஒரு சிறு நகர அணி டிரேட் செய்யலாமா, அதாவது வேறு அணிக்குக் கொடுத்து ஈடாக வேறு வீரர்களையோ தேர்வுரிமைகளையோ வாங்கலாமா?

செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. போர்ட்லாந்து அதை 2021 கோடையிலேயே செய்திருக்க வேண்டும். அணி 2014 முதல் 2021 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பிளேஆஃப், அதாவது பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் வெளியேற்றுத் தொடர்களுக்குச் சென்றது. அந்த எட்டு ஆண்டுகளில் வென்ற தொடர்கள் நான்குதான்: 2014இல் ஹூஸ்டன், 2016இல் கிளிப்பர்ஸ், 2019இல் ஓக்லஹோமா சிட்டி, டென்வர். மேற்குப் பிரிவு இறுதிவரை ஒரே ஒருமுறை போய், அங்கே கோல்டன் ஸ்டேட்டிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2021இல் தன் முக்கிய வீரர் ஜமால் முர்ரே இல்லாத டென்வரிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தபோது, இந்தக் கூட்டணி இதற்கு மேல் போகாது என்பது யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. லில்லர்டுக்கு அப்போது 31 வயது ஆகவிருந்தது, ஒப்பந்தத்திலும் ஆண்டுகள் மீதம் இருந்தன. அவருடைய மதிப்பு அதற்கு மேல் உயர வழியே இல்லாத வேளை அது.

அணி காத்திருந்தது. 2023 ஜூலை 1 அன்று அவரே வெளியேறக் கேட்டார், அதுவும் மயாமிக்கு மட்டும் என்று கேட்டார். வாங்குபவர் ஒருவரே என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு விற்பவருக்கு என்ன பேரம் மிஞ்சும்?

ஓரிகன் வாசி:

நண்பரே, நீங்கள் சொல்லும் கணக்கில் குற்றம் காண மாட்டேன். அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒன்று இந்த ஊரில் இருக்கிறது.

அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், லில்லர்ட் 2012இல் ஆறாவது தேர்வாக வந்தபோது இந்த அணியின் நிலை என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். 2007இல் கெவின் டுராண்டை விட்டுவிட்டு முதல் தேர்வாக எடுத்த கிரெக் ஓடன் முழங்கால்களால் முடங்கிப்போனார். அணியின் நம்பிக்கையாக இருந்த பிராண்டன் ராயும் முழங்கால்களால்தான் முடங்கினார். 2000க்குப் பிறகு ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. 1977இல் வென்ற ஒரே பட்டத்தை வைத்துக்கொண்டு பழங்கதை பேசிக்கொண்டிருந்த ஊர் இது.

2014 மே 2 அன்று ஹூஸ்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 0.9 நொடி மிஞ்சியிருக்க, அணி இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. சக வீரர் பட்டூம் ஓரக் கோட்டில் பந்தோடு நின்றார். லில்லர்ட் இரண்டு கைகளையும் தட்டிப் பந்தைக் கேட்டபடியே ஓடிவந்தார். அவரை மறிக்க வேண்டிய ஹூஸ்டனின் சாண்ட்லர் பார்சன்ஸ் ஒரு எட்டுப் பின்தங்கிவிட்டார். பந்து கைக்கு வந்த அதே அசைவில் லில்லர்ட் எறிந்தார், 99-98. பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து போர்ட்லாந்தின் செல்லப் பெயரான ‘ரிப் சிட்டி’ என்று முழங்கினாரே, பதினான்கு ஆண்டுகள் ஒரு தொடரும் வெல்லாத ஊருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் சான் அன்டோனியோவுக்குப் போனார். மாத்யூஸ் டாலஸுக்கும் லோபஸ் நியூயார்க்குக்கும் சென்றார்கள், பட்டூம் கைமாறினார். தொடக்க ஐவரில் நால்வர் ஒரே கோடையில் இல்லாமல்போனார்கள். எஞ்சிய ஐந்தாமவர் ஒப்பந்தத்தை நீட்டித்து இங்கேயே இருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், ‘உங்கள் மதிப்பு இப்போது உச்சத்தில் இருக்கிறது, ஆகவே அனுப்பிவிடுகிறோம்’ என்று சொல்லும் அணியில் அதற்குப் பிறகு எந்த இளைஞன் நீடிக்க விரும்புவான்?

பொருளாளர்:

இருவருக்கும் இடையே விடுபட்டுப்போன அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறு நகர அணி என்றால் ஏழை அணி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தேசியத் தொலைக்காட்சி வருவாய் முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. ஓர் அணி வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பும் எல்லோருக்கும் ஒன்றே. உண்மையான இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது: ஒப்பந்தம் முடிந்த பெரிய வீரர்கள் தாமாக விரும்பி இந்த ஊர்களுக்கு வருவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஒரு நட்சத்திரத்தை இழந்தால் சில ஆண்டுகளில் இன்னொருவர் வந்துசேர்வார். போர்ட்லாந்து இழந்தால் டிராஃப்ட் ஒன்றே வழி. அதனால்தான் 2017 முதல் சொந்த அணி மட்டுமே தரக்கூடிய சூப்பர்மேக்ஸ் ஒப்பந்தம் கொண்டுவரப்பட்டது. விருதுகள் பெற்ற வீரருக்கு, மற்ற அணிகள் அத்தனை ஆண்டு அனுபவத்துக்குத் தர முடியாத அளவுக்கு, உச்சவரம்பில் 35 விழுக்காடுவரை சொந்த அணி தரலாம்.

இந்தச் சலுகை ஊருக்கு நன்மை செய்தது போலவே தீமையும் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வீரரைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் தக்கவைத்த சம்பளமே அவரைச் சுற்றி அணி அமைக்க முடியாதபடி கையைக் கட்டியது. வாஷிங்டன் 2022இல் பிராட்லி பீலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 251 மில்லியன் டாலரும், அவர் சம்மதமின்றி டிரேட் செய்ய முடியாது என்ற உரிமையும் சேர்த்துக் கொடுத்தது. மறு ஆண்டே அவரைக் கைமாற்றியபோது டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை; இடமாற்று உரிமைகளும் (தேர்வு வரிசையை மற்ற அணியோடு மாற்றிக்கொள்ளும் உரிமை) இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுமே கிடைத்தன. விசுவாசத்துக்கு விலை கொடுக்கலாம். அதைக் கொடுத்த பிறகு விற்க எதுவும் மிஞ்சாது என்பதையும் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

போர்ட்லாந்தின் தவறு 2021இல் நடந்தது என்று அரைமைதானம் சொல்கிறார். எனக்கு அது 2016 என்றே தோன்றுகிறது. அந்தக் கோடையில் உச்சவரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனாகத் தாவியது. வாழ்நாளில் ஒருமுறை வரும் அந்த வாய்ப்பில், இவான் டர்னருக்கு 70 மில்லியன், புரூக்ளின் கொடுத்த விலைக்கு ஈடுகொடுத்து ஆலன் கிராப்புக்கு 75 மில்லியன், மேயர்ஸ் லெனர்டுக்கு 41 மில்லியன் என்று நான்காண்டு ஒப்பந்தங்களை எழுதிக் கொடுத்தார்கள். லில்லர்டுக்கு 26 வயது. அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகள் இந்த மூன்று ஒப்பந்தங்களின் நிழலில் கழிந்தன.

மின்னசோட்டா ரசிகர்:

‘முன்கூட்டியே விற்றுவிட வேண்டும்’ என்று எளிதாகச் சொல்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

கெவின் கார்னெட்டை 1995இல் ஐந்தாவது தேர்வாக, பள்ளியிலிருந்து நேராக எடுத்தோம். பன்னிரண்டு பருவங்கள் எங்களுக்காக ஆடினார். 2004இல் ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருதை வென்றார், அவ்வாண்டே மேற்கின் இறுதிவரை கொண்டுபோனார். ஜோ ஸ்மித் என்ற வீரருடன் நிர்வாகம் செய்துகொண்ட கள்ள ஒப்பந்தத்தால் பல முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் பறிக்கப்பட்டிருந்ததையும் மீறித்தான் இதைச் செய்தார். 2007 ஜூலை 31 அன்று அவரைப் பாஸ்டனுக்கு அனுப்பினோம். ஆல் ஜெபர்சன் உள்ளிட்ட ஐந்து வீரர்களும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும் வந்தன. காகிதத்தில் பார்த்தால் நல்ல வியாபாரம். 31 வயது வீரருக்கு இளமையும் எதிர்காலமும் கிடைத்தன, அரைமைதானம் கேட்பது போலவே.

கார்னெட் அடுத்த ஜூனிலேயே பட்டம் வென்றார். நாங்கள் அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்கள் வென்றோம். ஜெபர்சனை 2010இல் யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டோம். 2009 டிராஃப்டில் ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்த தேர்வுகள் இரண்டும் எங்கள் கையில் இருந்தன. ரிக்கி ரூபியோவையும் ஜானி ஃப்ளினையும் எடுத்தோம். ஏழாவதாகப் போனவர், பின்னாளில் லீக்கின் பெரும் நட்சத்திரமான ஸ்டீபன் கரி. 2004க்குப் பிறகு நாங்கள் மறுபடி பிளேஆஃபைக் கண்டது 2018இல்தான். ஒரு தொடரை வெல்ல 2024 வரை காத்திருந்தோம்.

தேர்வுரிமைகள் தாமாக வீரர்களாக மாறிவிடுவதில்லை. விதைநெல் வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு உழவும் தெரிந்திருக்க வேண்டும். நட்சத்திரத்தைச் சுற்றி அணி அமைக்கத் தெரியாத அதே நிர்வாகம், அவரை விற்று வந்ததை வைத்து மட்டும் நன்றாக அணி அமைத்துவிடும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்?

அரைமைதானம்:

மின்னசோட்டாவின் துயரம் மெய்யானது. மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. 2025 இறுதித் தொடரில் மோதிய ஓக்லஹோமா சிட்டி, இந்தியானா இரண்டும் சிறு நகர அணிகள். இரண்டின் வேரும் பால் ஜார்ஜின் டிரேடில் இருக்கிறது. இந்தியானா 2017இல் அவரைக் கொடுத்து ஒலாடிபோவையும் சபோனிஸையும் பெற்றது; சபோனிஸைக் கொடுத்து 2022 பிப்ரவரியில் ஹாலிபர்டனைப் பெற்றது. ஓக்லஹோமா 2019இல் அதே ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் பெற்றது. அவற்றுள் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். ஏழு ஆட்டங்கள் வரை நீண்ட அந்த இறுதித் தொடர் முழுவதும் எனக்கு இதுவே நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரிகன் வாசி:

சான்று நல்ல சான்றுதான், ஆனால் நம் கேள்விக்குப் பொருந்தாது. இரண்டு ஊர்களிலும் பால் ஜார்ஜ் தாமே வெளியேற விரும்பினார். இந்தியானாவிடம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஓக்லஹோமாவிடம், கவாய் லெனர்டோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். லெனர்ட் வர வேண்டுமென்றால் ஜார்ஜ் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் கிளிப்பர்ஸ் இருந்ததால்தான் அந்த விலை கிடைத்தது. ஒரே மூச்சில் இரண்டு நட்சத்திரங்களை வாங்குபவர் கொடுத்த விலை அது. அதைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் சொல்லும் 2021 கோடையில் சந்தையில் என்ன இருந்தது என்று பாருங்கள். அன்று எல்லோரும் ஓயாமல் பேசியது ஃபிலடெல்ஃபியாவின் பென் சிம்மன்ஸைப் பற்றி. அப்போது அவருக்கு 25 வயது, லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானவர். உங்கள் கருத்துப்படி நடந்திருந்தால், அவரை மையமாக வைத்த ஒரு பரிமாற்றத்துக்கே அதிக வாய்ப்பு இருந்திருக்கும். அடுத்த பருவத்தில் சிம்மன்ஸ் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதுகு வலி அவரை அதற்குப் பிறகும் பழைய வீரராக ஆகவிடவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஊரைத் தாங்கியவரைக் கொடுத்து அவரை வாங்கியிருந்தால், இன்று இந்த இழையில் நீங்கள் எதிர்த்தரப்பில் நின்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசி நொடி:

இவ்வளவு நேரம் ஊரைப் பற்றியும் நிர்வாகத்தைப் பற்றியும் பேசினீர்கள். வீரரின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2021 ஜூன் 1, டென்வரில் ஐந்தாவது ஆட்டம். லில்லர்ட் 55 புள்ளிகள் எடுத்தார், பன்னிரண்டு மூன்று-புள்ளி எறிதல்கள். தோல்வி உறுதி என்றிருந்த வேளையில் மூன்று-புள்ளி எறிந்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார். அங்கும் தோல்வியின் விளிம்பில் அதையே மறுபடி செய்து இரண்டாம் கூடுதல் நேரத்துக்கும் கொண்டுபோனார். 147-140 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தை மீண்டும் பார்ப்பவர்கள் அவர் எறிந்தவற்றைத்தான் பார்க்கிறார்கள். நான் மற்ற நால்வரையும் பார்க்கச் சொல்வேன். எதிரணி இருவரை அனுப்பி அவரை மறிக்கிறது, அவர் பந்தைக் கைவிட்டுக் கொடுக்கிறார், வாங்கியவர் தயங்குகிறார், பந்து மறுபடி அவரிடமே வந்து சேர்கிறது. ஒருவரை இப்படித் தனியே நிறுத்திவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது நியாயமா?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். வயிற்றுத் தசைக்காக 2022 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவர் ஓய்வில் இருக்கும்போது, பிப்ரவரியில் சக வீரர்கள் மெக்கலம், பவல், கவிங்டன் மூவரும் அனுப்பப்பட்டார்கள். அணி வேண்டுமென்றே அடிமட்டத்துக்கு இறங்கியது. அதே ஜூலையில் அவருக்கு 2026-27 வரை ஒப்பந்த நீட்டிப்பு. 36 வயதுக்காரருக்கு ஆண்டுக்குச் சுமார் 60 மில்லியன்! பணத்தை இவ்வளவு கொடுக்கிற அணி, வெல்லப் போகிறோம் என்று சொல்லாமல் சொல்கிறது. ஜெராமி கிரான்ட் வந்தார். 33 வெற்றி, 49 தோல்வி. 2023 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு கிடைத்தபோது, அதைக் கொடுத்து அனுபவசாலி ஒருவரைக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தவருக்கு, அவருடைய அதே இடத்தில் ஆடும் 19 வயது ஸ்கூட் ஹென்டர்சனைக் காட்டினார்கள். ஹென்டர்சனை எடுத்ததைக் குறை சொல்லவில்லை, ஒரு மறுகட்டமைப்புக்கு அது சரியான தேர்வு. மறுகட்டமைப்பு என்பதை லில்லர்டிடம் முகத்துக்கு நேரே சொல்லாததைத்தான் குறை சொல்கிறேன்.

பொருளாளர்:

கடைசி நொடி சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். வந்த விலையைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம், ஏனென்றால் தாமதத்தால் பேரமே போயிற்று என்று முதல் பதிவில் இருந்தது.

மயாமி மட்டும் என்ற கோரிக்கைக்குப் போர்ட்லாந்து பணியவில்லை. வேறு அணிக்குப் போனால் ஆட மாட்டேன் என்ற தொனியில் பேசக் கூடாது என்று லீக் நிர்வாகமும் ஜூலை இறுதியில் எழுத்து மூலம் எச்சரித்தது. மூன்று மாதம் பொறுத்து, செப்டம்பர் 27 அன்று மில்வாக்கியோடும் ஃபீனிக்ஸோடும் மும்முனை டிரேட் முடிந்தது. ஜூரூ ஹாலிடே, டியாண்ட்ரே ஐட்டன், டூமானி கமாரா, மில்வாக்கியின் 2029 முதல் சுற்றுத் தேர்வுரிமை, 2028, 2030 ஆண்டுகளின் இடமாற்று உரிமைகள் வந்தன. ஹாலிடேயைச் சில நாட்களிலேயே பாஸ்டனுக்குக் கொடுத்து பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் வாங்கினார்கள். பிராக்டனையும் அவற்றுள் ஒன்றில் வந்த பதினான்காம் தேர்வையும் 2029இன் ஒரு தேர்வுரிமையையும் சேர்த்து 2024இல் டெனி அவ்டியாவை வாங்கினார்கள். அன்று ஒப்புக்குச் சேர்த்த பெயராகத் தெரிந்த கமாரா, 2025இல் சிறந்த தடுப்பாட்ட அணிகளுள் ஒன்றில் இடம்பெற்றுவிட்டார். 2023-24இன் 21 வெற்றியிலிருந்து 2024-25இல் 36 வெற்றிக்கு அணி ஏறியது. மயாமி தருவதாகச் சொல்லப்பட்டதைவிட இது நிச்சயம் மேல்.

ஆகவே, வீரர் கேட்ட பிறகு விற்றால் நட்டம் என்பது விதியல்ல. ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மீதமிருந்து, நிர்வாகமும் பதறாமல் இருந்தால், சிறு நகர அணியாலும் காத்திருக்க முடியும்.

மின்னசோட்டா ரசிகர்:

அந்தப் பரிமாற்றத்தின் மறுமுனையில் இருந்ததும் ஒரு சிறு நகர அணி என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021இல் பட்டம் தந்த யானிஸ் அன்டெட்டோகும்போவைத் தக்கவைக்கத்தான் மில்வாக்கி லில்லர்டை வாங்கியது. அடுத்த மாதமே யானிஸ் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஆனால் இரண்டு ஆண்டும் முதல் சுற்றிலேயே இந்தியானாவிடம் தோல்வி. 2025 மார்ச்சில் லில்லர்டுக்குக் காலில் இரத்தக் கட்டி. குணமாகித் திரும்பியவருக்கு ஏப்ரல் இறுதியில் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில், அவருக்குத் தர வேண்டிய சுமார் 113 மில்லியன் டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி, அவரை விடுவித்துவிட்டு மைல்ஸ் டர்னரை எடுத்தார்கள். ஆடாத வீரருக்காக ஆண்டுக்கு இருபது மில்லியனுக்கு மேல், 2030 வரை கணக்கில் நிற்கும். வரும் ஆண்டுகளின் தேர்வுரிமைகள் பலவும் கையில் இல்லை. விசுவாசமான வீரரை எப்படியாவது தக்கவைத்தே தீருவது என்ற வழியின் செலவும் இதுதான். மின்னசோட்டாவின் வழியும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அரைமைதானம்:

2021இல் சிம்மன்ஸ்தான் வந்திருப்பார் என்ற ஓரிகன் வாசியின் வாதம் வலுவானது. இருந்தாலும் ஒரே ஒரு அணியோடு மட்டும் பேசியிருக்கத் தேவையில்லை. லில்லர்ட் அந்தக் கோடையில் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்று திரும்பியிருந்தார். அவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய அணிகள் குறைவு.

கடைசி நொடியின் பதிவைப் படித்த பிறகு என் கேள்வியை இப்படிக் கூர்மைப்படுத்த விரும்புகிறேன். 2022 பிப்ரவரி 8 அன்று மெக்கலத்தை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிய நாளில், நிர்வாகம் லில்லர்டை அழைத்து, ‘மூன்று ஆண்டுகளுக்கு நாம் வெல்லப் போவதில்லை, இருக்க விரும்பினால் இளைஞர்களுக்கு வழிகாட்டியாக இருங்கள், வெல்ல விரும்பினால் நீங்கள் குணமான பிறகு உங்களோடு சேர்ந்தே நல்ல இடம் தேடுகிறோம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நீட்டிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதற்குப் பதிலாக 2022 கோடையிலேயே இதைச் செய்திருந்தால், 32 வயது லில்லர்டுக்கு ஓர் ஆண்டு மிஞ்சியிருக்கும். போர்ட்லாந்து மக்களுக்கும் அந்த 2023 கோடையின் கசப்பு வந்திருக்காது. அவர் கேட்கும்வரை காத்திருந்ததால், ஊரை விட்டுப் போனவர் என்ற பழியை அவர் தலையில் ஏற்றினோம். முடிவு உண்மையில் அணி எடுத்தது.

ஓரிகன் வாசி:

இந்த வடிவத்தில் சொன்னால் என்னால் மறுக்க முடியவில்லை. அவரோடு கலந்து பேசி விடைகொடுப்பது வேறு, விலை உச்சத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் விற்பது வேறு; நான் எதிர்த்தது இரண்டாவதை.

ஒன்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மில்வாக்கி விடுவித்ததும் அவர் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். தசைநார் அறுந்து ஓராண்டு ஆட முடியாத நிலையில், மூன்று ஆண்டுகளுக்கு 42 மில்லியன் என்று இங்கே கையெழுத்திட்டார். இம்முறை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைக் கேட்டு வாங்கியிருக்கிறார்: தம் சம்மதமின்றித் தம்மை டிரேட் செய்யக் கூடாது.